செடிக்குத் தாகமா, மூச்சுத்திணறலா?

எங்கள் வீட்டு மாடியில் முதலில் பட்டுப்போனது ஒரு கறிவேப்பிலைக் கன்று. வாங்கி வந்தபோது கரும்பச்சையாகப் பளபளத்தது. "காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்" என்று நர்சரியில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் விட்டோம். மூன்றாவது வாரம் இலைகள் வெளிறித் தொங்கின. பாவம், வெயில் தாங்கவில்லை என்று இன்னொரு செம்பு சேர்த்து ஊற்றினோம். பத்து நாளில் கதை முடிந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் பழுப்பாகக் குழைந்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

அந்தக் கன்று தண்ணீரிலேயே மூழ்கி இறந்தது என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் மறந்துபோய்ச் சாகும் செடிகள் உண்டுதான். ஆனால் அன்போடு, கடமை தவறாமல் ஊற்றி ஊற்றிச் சாகடிக்கப்படும் செடிகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "என் கைராசிக்குச் செடி வராது." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் எப்படி இடம் மாறுகின்றன என்று தெரிந்துகொண்டால் எந்தக் கைக்கும் செடி வரும்.

## வேரும் மூச்சு விடும்

இலை வெளிச்சத்தில் உணவு சமைக்கும், அப்போது ஆக்சிஜனை வெளியே விடும் என்று பள்ளியில் படித்தோம். அதனால் செடி என்றாலே ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள் என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டது. சமைப்பது ஒரு வேலை, சாப்பிட்டுச் செரிப்பது இன்னொரு வேலை. இலையில் சமைத்த சர்க்கரை, தண்டு வழியாக வேருக்கு இறங்குகிறது. இருட்டில் இருக்கும் வேர் எதையும் சமைக்க முடியாது. வந்த சர்க்கரையை ஆக்சிஜனின் துணையோடு எரித்துத்தான் தன் வேலைகளுக்கான சக்தியைப் பெறுகிறது. இதைத்தான் வேர்ச் சுவாசம் என்கிறோம்.

அடுப்பில் விறகு இருந்தும் காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? புகைந்து அணையும். காற்று இல்லாத வேருக்கும் அதே நிலைதான். சக்தி குறைந்தவுடன் புது வேர் நுனி வளர்வது நிற்கிறது. மண்ணிலிருந்து சத்துகளை உள்ளே இழுக்கும் வேலை தடைபடுகிறது.

இந்த ஆக்சிஜன் வேருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலான தோட்டச் செடிகளுக்கு, வேரைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் காற்றிலிருந்துதான். ஆகவே மண்ணில் காற்று இருப்பது, தண்ணீர் இருப்பதற்குச் சமமான தேவை.

## மண்ணுக்குள் ஒரு பஸ்

ஒரு குண்டான் நிறைய எலுமிச்சம்பழம் போடுங்கள். குண்டான் நிறைந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் பழங்களுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் நிறையவே பிடிக்கும். மண்ணும் அப்படித்தான். துகள்களுக்கு நடுவே உள்ள இந்த இடைவெளிகளுக்கு மண்துளைகள் என்று பெயர். நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் துகள்கள். மீதிப் பாதி துளைகள். அந்தத் துளைகளில் பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இருந்தால் பெரும்பாலான செடிகளுக்கு அதுவே சுகமான நிலை.

இந்தத் துளைகளை ஒரு பஸ்ஸின் இருக்கைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் இரண்டே பேர்: தண்ணீர், காற்று. ஓர் இருக்கையில் தண்ணீர் உட்கார்ந்தால் காற்று எழுந்தாக வேண்டும். தண்ணீர் இறங்கினால் அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும்.

எல்லா இருக்கைகளும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். பெரிய துளைகளில் தண்ணீர் நிலைக்காது. ஊற்றியதும் கீழே வடிந்துவிடும், காற்று திரும்பி வரும். சிறு துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வேர் அங்கிருந்துதான் நாள்கணக்கில் குடிக்கிறது. மிக நுண்ணிய துளைகளில் உள்ள ஈரம் வேருக்கும் எட்டாது. பிழிந்த துணியில் கையால் எடுக்க முடியாத ஈரம் மிஞ்சுகிறதே, அதுபோல. மணலில் பெரிய துளைகள் அதிகம் என்பதால் ஊற்றியது நிற்காது. களிமண்ணில் நுண்துளைகள் அதிகம் என்பதால் ஊற்றியது போகாது. செம்மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கலக்கச் சொல்வது, இரண்டு வகைத் துளைகளும் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான்.

தினமும் ஊற்றும்போது என்ன நடக்கிறது? முந்தைய நாள் தண்ணீர் இருக்கையை விட்டு எழுவதற்குள் அடுத்த நாள் தண்ணீர் ஏறிவிடுகிறது. காற்றுக்கு இடமே கிடைப்பதில்லை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. அது நகரும் வேகமும் காற்றில் நகர்வதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேரை ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால், அடுத்தது வந்து சேரும்வரை வேர் தாக்குப்பிடிக்காது.

கோடையில் இது இன்னும் மோசமாகும். சூட்டில் வேர் வேகமாக மூச்சு விடும். சூடான தண்ணீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மே மாத வெயிலில் சொதசொதவென்று இருக்கும் தொட்டி, மார்கழியில் அதே நிலையில் இருக்கும் தொட்டியைவிட விரைவில் வேரைக் கொல்லும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேருக்கு ஆக்சிஜன் வேண்டும், அது மண்துளைகளில் இருக்கிறது, அதே துளைகளைத்தான் தண்ணீரும் பயன்படுத்துகிறது, ஒன்று போனால்தான் மற்றொன்று வரும்.

## இரண்டுக்கும் ஒரே வாட்டம்

இனிதான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். தண்ணீர் குறைந்தாலும் செடி வாடுகிறது, மிகுந்தாலும் வாடுகிறது. ஏன்?

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதை நீராவிப்போக்கு என்கிறோம். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படியே போய்விடுகிறது. போகும் அளவுக்குக் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தால் இலை விறைப்பாக நிற்கும். வரத்து குறைந்தால் தொங்கும். மண் வறண்டால் வரத்து குறைவது எளிதில் புரிகிறது. மண்ணில் காற்று இல்லாவிட்டாலும் வரத்து குறையும். வேரின் உயிரணுக்களில் தண்ணீர் நுழையும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை அடைபட்டுக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி குடிக்க முடியாமல் தவிக்கும். நாம் மேலேயிருந்து பார்த்து, வாடுகிறதே என்று மறுபடி ஊற்றுகிறோம்.

அடுத்த கட்டம் வேரழுகல். பலவீனமான வேரைப் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் தாக்கி அழுகச் செய்வதுதான் அது. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திச் செல்லக்கூடியவை. தேங்கிய ஈரம் அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. வேர் அழுகிவிட்ட பிறகு, மண் காய்ந்தாலும் உறிஞ்ச எதுவும் மிஞ்சியிருக்காது.

எந்த வாட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாகத்தில் வாடும் செடியின் இலை மெலிந்து, ஓரம் காய்ந்து, மண் கட்டியாகித் தொட்டி விளிம்பிலிருந்து விலகியிருக்கும். தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். மூச்சு முட்டி வாடும் செடியில் அடி இலைகள் மஞ்சளாகி மெதுவாகத் தொங்கும். மண் ஈரமாக இருக்கும். சிறு பூச்சிகள் மண்ணின் மேல் பறக்கும். முகர்ந்தால் வீச்சம் அடிக்கும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பூசணி, பீர்க்கை போன்ற அகல இலைக் கொடிகள் உச்சி வெயிலில் துவண்டு, அந்தி சாய்ந்ததும் தாமாகவே நிமிரும். அது நீராவிப்போக்கு வேர் தரும் வேகத்தை முந்திவிட்டதால் வரும் நண்பகல் வாட்டம். மண்ணில் ஈரம் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

## நெல் மட்டும் எப்படி நிற்கிறது?

வயலில் நாள்கணக்கில் தண்ணீர் கட்டுகிறார்களே, நெல் அழுகுவதில்லையே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மிக நல்ல கேள்வி. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் போன்ற வெற்றிடங்கள் உண்டு. மேலிருந்து கீழே ஆக்சிஜன் அவற்றின் வழியே இறங்குகிறது. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே வரிசையாகத் துளைகள் இருப்பது தெரியும்; அதே ஏற்பாடு. பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்களின் கீழ்ச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவையும் மூச்சு வேர்கள்தான். அடைசேற்றில் காற்று இல்லாததால், வேரே மேலே வந்து மூச்சு விடுகிறது.

ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் இந்த வசதி கிடையாது. நெல்லிலேயே கூட, ஒற்றை நாற்று நடவு முறையில் வயலைத் தொடர்ந்து நிரப்பி வைப்பதில்லை. பாய்ச்சிக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது நம் விவசாயிகளின் சொல். வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையான நீர் மேலாண்மை அனைத்தும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுவதாகவே நான் நம்புகிறேன். பாய்ச்சல் தண்ணீரைக் கொடுக்கிறது. காய்ச்சல் காற்றைக் கொடுக்கிறது.

## தொட்டியின் அடியில் நடப்பது

துவைத்த துண்டைப் பிழியாமல் கொடியில் போட்டுவிட்டுக் கவனியுங்கள். மேல் பாகம் முதலில் காயும். சொட்டுவது நின்ற பிறகும் கீழ்விளிம்பு மட்டும் நனைந்து கனமாகவே இருக்கும். தொட்டி மண்ணும் இப்படித்தான். அடியில் துளை இருந்தாலும், வடிய வேண்டியது வடிந்த பிறகும், அடிமண்ணில் ஒரு பட்டை முழுக்க நனைந்தே நிற்கும். சிறு துளைகள் தண்ணீரைப் பிடித்திருக்கும் விசையை மீறிக் கீழே இழுக்க, அந்தக் கொஞ்ச உயரத்தின் எடை போதவில்லை. இதைத் தங்குநீர்ப் பட்டை என்று சொல்லலாம்.

துண்டின் கீழ்விளிம்பு ஈரமாக இருக்கிறது என்று அதைக் கத்தரித்துவிட்டால் என்ன ஆகும்? மிச்சத் துண்டின் புதிய கீழ்விளிம்புக்கு ஈரம் வந்து நிற்கும். தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்புவதும் இதேதான். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்றுதான் போடுகிறோம். ஆனால் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணின் அடிப்பாகம் நிறைந்தால் ஒழியத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. தங்குநீர்ப் பட்டை அப்படியே மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. மண் அரித்துப் போகாமல் துளைமேல் ஒரு சில்லு வைப்பதில் தவறில்லை. அடுக்காகப் போட வேண்டாம். வடிகால் வேண்டுமானால் கலவை முழுவதும் பொலபொலப்பாக இருக்க வேண்டும்.

ஆழம் குறைந்த தட்டுத் தொட்டிகளில் செடி எளிதில் அழுகுவதற்குக் காரணமும் இதுவே. பட்டையின் உயரம் எந்தத் தொட்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு அங்குலத் தொட்டியில் அது பெரும்பகுதி, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் சிறுபகுதி. அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விட்டால் வடிவதே நின்றுபோகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இந்தத் தட்டுகளில்தான். ஊற்றிய அரை மணி நேரத்தில் கவிழ்த்துவிடுங்கள்.

சுருக்கமாக: தொட்டியின் மேல்மண் காய்ந்திருந்தாலும் அடிமண் நனைந்திருக்கக்கூடும். கண்ணால் பார்ப்பது போதாது.

## எப்போது, எவ்வளவு?

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். குளிர்ச்சியாக, விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம். பெரிய தொட்டி என்றால் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி எடுத்துப் பாருங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. 1720-களில் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியின் மண்ணை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டார். மண்ணிலிருந்து ஆவியாக வழியில்லாததால், குறைந்த எடை முழுவதும் இலை வழியே போன தண்ணீர் என்று கணக்கிட்டார். பகல் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்கும் சற்று மேல் வந்தது. நமக்குத் தராசு வேண்டாம். நன்றாக ஊற்றி வடிந்த பிறகு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மண் காய்ந்த பிறகு ஒருமுறை தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்கே கணக்கு வந்துவிடும். கைராசி என்று ஒன்று இருந்தால் அது இப்படிப் பழகி வருவதுதான்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாதீர்கள். அடித்துளை வழியே வெளியேறும்வரை, தொட்டி முழுவதும் நனைய ஊற்றி, பிறகு காயவிடுங்கள். தினமும் ஒரு குவளை மட்டும் விட்டால் மேல்மண் எப்போதும் ஈரம், நடுவில் வறட்சி என்று கோணலாகப் போகும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உள்ள வீடுகளில் இன்னொரு கேடும் சேரும்: தண்ணீர் ஆவியாகிவிட உப்பு மட்டும் மண்ணில் தங்கி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அவ்வப்போது அடிவழியாக வழிந்தோட ஊற்றினால்தான் அது கழுவப்படும்.

தென்னைநார்க் கழிவு அதிகமுள்ள கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி, தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். கீழே தண்ணீர் வந்துவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

நர்சரியில் சொன்ன "இரண்டு வேளை" பொய்யா? இல்லை. அங்கே கன்று இருந்தது கையளவுப் பையில், வேர் நிறைந்து, நாள் முழுவதும் வெயிலில். அந்தச் சிறு பைக்கு இரண்டு வேளை சரி. அதே கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டால், எட்டிய வேர் சிறிதளவு, மண் பெரிதளவு. ஊற்றியதைக் குடிக்க ஆள் இல்லை. நாங்கள் கறிவேப்பிலைக்குச் செய்தது அதுதான். செடி பெரிதாகித் தொட்டி சிறிதானால், அக்னி நட்சத்திரத்தில் தினமும் ஊற்ற வேண்டிவருவதும் உண்மையே. நாள்காட்டியைப் பார்த்து ஊற்றாமல் மண்ணைப் பார்த்து ஊற்றச் சொல்வது இதனால்தான்.

## புல்தரைக்கும் இதே கணக்கு

புல்தரையில் நடக்கும் தவறு தினமும் மாலை குழாயைப் பிடித்து ஐந்து நிமிடம் தூவுவது. ஈரம் ஓர் அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு ஆழம் போகும் என்பார்கள். வேர் அப்படித் தேடிப் போவதில்லை, ஈரமும் காற்றும் இருக்கும் இடத்தில்தான் வளர்கிறது. ஈரம் மேலேயே இருந்தால் வேரும் மேலேயே படர்ந்து, இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் புல் கருகுகிறது. பெர்முடா புல் என்று விற்கப்படுவதன் அடிப்படை இனம் நம் அருகம்புல்தான். வரப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் கோடையைத் தாண்டும் புல் அது. அதன் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது.

வாரத்தில் ஒன்றிரண்டு முறை, ஆழமாக நனைய விடுங்கள். அளவு தெரிய, நேர்ச்சுவர் கொண்ட நாலைந்து டப்பாக்களைப் புல்லின்மேல் வைத்துத் தெளிப்பானை ஓட்டி, எவ்வளவு நிரம்புகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். பத்தடிக்குப் பத்தடி புல்தரைக்கு 20 மில்லிமீட்டர் விட்டால் சுமார் 185 லிட்டர்; 15 லிட்டர் குடத்தால் பன்னிரண்டு குடத்துக்கு மேல். தினமும் கைக்குழாயில் தூவுவது இதற்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அப்போது தெரியும்.

நடந்து நடந்து இறுகிய தரையில் பெரிய துளைகள் நசுங்கிப்போயிருக்கும். அங்கே தண்ணீர் தேங்கி, புல் திட்டுத் திட்டாகச் சாகும். இரும்பு முள்கரண்டியால் நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்திவிட்டாலே மூச்சு வந்துவிடும். அதிகாலையில் பாய்ச்சுவது நல்லது. இலை சீக்கிரம் உலர்ந்து பூஞ்சை நோய் குறையும். நண்பகலில் ஊற்றினால் நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்ற நம்பிக்கையை 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வழவழப்பான இலைகளில் அப்படி நடக்கவில்லை. தாகத்தில் துவண்ட செடிக்கு நண்பகலிலும் தண்ணீர் கொடுக்கலாம். வெயிலில் கிடந்த குழாயின் முதல் சூட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

## மூழ்கிய செடியை மீட்பது

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். இலை இழக்கும் தண்ணீர் குறையும். அடித்துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். தொடக்க நிலை என்றால் இதுவே போதும்.

மஞ்சள் கூடிக்கொண்டே போனால் செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுவில் நூல் மட்டும் கையில் நிற்கும். அழுகியதைக் கத்தரியால் வெட்டி, கத்தரியைத் துடைத்து, புதிய பொலபொலப்பான கலவையில், மிச்ச வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் நடுங்கள். வேர் பாதி போயிருந்தால் கிளையிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒருமுறை நனைத்துவிட்டு, மேல்மண் காயும்வரை காத்திருங்கள்.

உரம் வேண்டாம். இலை மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியாவோ பஞ்சகவ்யமோ விடக் கை துறுதுறுக்கும். மூச்சு விடாத வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ரசாயன உரத்தின் உப்பு அதன் புண்ணில் இன்னும் எரியும். இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் ஒரு துளிர் புடைத்து வந்தால் கீழே புது வேர் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.